பூவும் மனமும்: சூடும் உரிமையின் வரலாறு

முன்னுரை

முகம் மலர்தல், மனம் மலர்தல், அகமலர்ச்சி என்னும் தொடர்களைத் தமிழர் நாள்தோறும் வழங்குகின்றனர். மகிழ்ச்சியைச் சுட்டப் பூவின் வினையையே எடுத்துக்கொண்ட மொழி நம்முடையது. பூவுக்கும் மனத்துக்கும் இடையே உள்ள உறவைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவ்வழக்குகளே சான்றாகும்.

இவ்வுறவை அண்மைக்கால உளவியலும் ஆராய்ந்துள்ளது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனட் ஹாவிலாண்ட்-ஜோன்ஸும் அவர்தம் குழுவினரும் 2005ஆம் ஆண்டில் மூன்று சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டனர். முதற்சோதனையில் மகளிர் சிலருக்குப் பூங்கொத்தும், வேறு சிலருக்குப் பழக்கூடை, மெழுகுவத்தி போன்ற பரிசுகளும் அளிக்கப்பட்டன. பூங்கொத்தைப் பெற்ற அனைவரிடமும், கண்ணோரம் சுருங்கும் உண்மையான புன்னகை வெளிப்பட்டதாக அவ்வாய்வு கூறுகிறது. மூன்றாம் சோதனை முதியோரிடம் நடத்தப்பட்டது. பூக்களைப் பெற்ற முதியோரின் மனநிலை உயர்ந்ததோடு, அண்மை நிகழ்வுகளை நினைவுகூரும் ஆற்றலும் அவர்களிடம் மேம்பட்டிருந்தது. இவ்வாய்வுக்கு அமெரிக்கப் பூ வணிகர் அமைப்பு ஆதரவளித்தது என்பதை நினைவிற்கொண்டே இம்முடிவுகளை நாம் ஏற்க வேண்டும். எனினும் ஆய்வு எழுப்பும் வினா பொருளுடையது.

பூ மனத்தை உயர்த்தும் என்பது உளவியலார் கூற்று. யாருடைய மனத்தை உயர்த்தப் பூவுக்கு இசைவு அளிக்கப்பட்டது என்பது வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி. தமிழ்ச் சமூகத்தில் பூ எல்லார்க்கும் எக்காலத்தும் ஒரே தன்மையில் கிடைத்த இன்பம் அன்று. அதனைச் சூடுவதற்கும், நுகர்வதற்கும், மறுப்பதற்கும் விதிகள் இருந்தன. அவ்விதிகள் மாறி வந்த வரலாற்றைச் சில இலக்கிய, சமூகச் சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பூவும் பொழுதும்

அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயரிட்டது தமிழ். விரியும் நிலையில் உள்ள பூவுக்குப் 'போது' என்பது பெயர். அச்சொல்லே காலத்தையும் குறிக்கும். இவ்விரு பொருளும் வாழ்க்கையில் ஒன்றிணைந்த காட்சியை நக்கீரரின் நெடுநல்வாடையில் காணலாம். கூதிர்காலத்தில் வானம் மூடிக்கிடக்கிறது. கதிரவனைக் கொண்டு பொழுதறிய இயலவில்லை. மகளிர் தட்டில் இட்டு வைத்திருந்த பிச்சியரும்புகள் விரிந்து மணம் வீசியதும், மாலை வந்ததை உணர்ந்து விளக்கேற்றுகின்றனர். பூ இங்கு அழகுப்பொருள் என்பதைக் கடந்து, நாளின் ஒழுங்கைத் தாங்கும் துணையாகிறது.

துயருற்ற மனத்தைத் தேற்றும் நிகழ்விலும் பூ இடம்பெறுகிறது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் போருக்குச் சென்ற தலைவனை எண்ணித் தலைவி வருந்தியிருக்கிறாள். முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லையும் அப்போது அலர்ந்த முல்லையையும் தூவித் தொழுது, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். பசியால் வருந்தும் கன்றுகளிடம், தாய்ப்பசுக்கள் இப்போதே வந்துவிடும் என்று ஓர் ஆயர்மகள் கூறும் சொல் அவர்கள் செவியில் விழுகிறது. அதனை நற்சொல்லாகக் கொண்டு தலைவியை ஆற்றுகின்றனர். முல்லை தானே துயரைத் தீர்த்துவிடவில்லை. முதியோரின் பரிவும், சடங்கும், நற்சொல்லும், பூவும் சேர்ந்தே ஆறுதலாயின. பூவின் ஆற்றல் உறவுகளின் நடுவே செயற்படுகிறது என்பதற்கு இது முதற்சான்று.

ஆசிரியர்களுக்கு மேலும் ஒரு செய்தி பயன்படும். தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர்சொல்லி அடுக்கும் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடப்பட்டதாகப் பழங்குறிப்பு கூறுகிறது. வேற்று மொழியாளர் ஒருவருக்குத் தமிழரின் அகவாழ்வைக் கற்பிக்கக் கபிலர் தேர்ந்த பாடத்துள் இத்தனை பூக்கள் இடம்பெற்றிருப்பது எண்ணத்தக்கது.

ஆடவர் சூடிய பூ

பூச்சூடல் மகளிர்க்கே உரியது என்னும் இக்கால எண்ணம் சங்ககாலத்திற்குப் பொருந்தாது. பனை, ஆத்தி, வேம்பு ஆகியவை முறையே சேர, சோழ, பாண்டியர்தம் அடையாள மாலைகளாயின. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனப் போரின் படிநிலைகள் பூவின் பெயராலேயே வழங்கின. தொல்காப்பியர் இவற்றை அகத்திணைகளோடு இணைத்து, வெட்சியைக் குறிஞ்சிக்கும், வஞ்சியை முல்லைக்கும், உழிஞையை மருதத்திற்கும், தும்பையை நெய்தலுக்கும், வாகையைப் பாலைக்கும் புறனாக வகுத்தார்.

போருக்குப் புறப்படும் வீரன் பூச்சூடியது அழகு கருதி மட்டுமன்று. தான் எப்பக்கத்தைச் சேர்ந்தவன், எதற்காகப் போரிடுகிறான் என்பதை அப்பூ அறிவித்தது. ஒரே பூவைச் சூடிய பலர் ஒரே மனத்தினராயினர். இன்றைய படைகள் கொடியிலும் சீருடையிலும் தேடும் ஒற்றுமையுணர்வைப் பழந்தமிழர் பூவில் கண்டனர் எனலாம். அச்சத்தை அடக்கி ஊக்கத்தை எழுப்பும் கருவியாகப் பூ பயன்பட்டது என்பதும், அப்பூ பலரைப் போர்க்களத்திற்கும் சாவிற்கும் இட்டுச் சென்றது என்பதும் ஒருசேர உணரத்தக்கவை. பூ உயர்த்தும் மனநிலை எப்போதும் மென்மையானதாக இருக்க வேண்டியதில்லை.

சூடாத பூ

பூவின் ஆற்றலை முழுமையாக உணர்த்தும் சங்கப்பாடல்கள், பூ மறுக்கப்பட்ட நிலையைப் பாடுபவையே. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலைப் பாடல் (புறநானூறு 242) இதற்குத் தலைசிறந்த சான்று. இளைஞரும், வளையணிந்த மகளிரும், பாணனும் பாடினியும் முல்லையைச் சூடும் மனநிலையில் இல்லாத ஊரில் நீ மட்டும் பூத்தாயோ எனப் புலவர் முல்லையை வினவுகிறார். முல்லை என்றும்போல் பூத்திருக்கிறது. நிறமும் மணமும் மாறவில்லை. ஆயினும் அதனால் எவர்க்கும் மகிழ்ச்சியில்லை. இவ்வூரில் பூவைத் துறந்தோர் தாமே துறந்தனர். துயரம் அனைவர்க்கும் பொதுவாக இருந்தது.

கைம்பெண்ணின் நிலை வேறு. ஒக்கூர் மாசாத்தனாரின் பாடலில் (புறநானூறு 248) ஒரு பெண் வெள்ளாம்பலை நோக்கிப் பேசுகிறாள். அவள் இளமையில் அது தழையாடையாக உதவியது. கணவன் இறந்தபின், வேளை தவறி உண்ணும் அவளுக்கு அதன் புல்லரிசியே உணவாகிறது. ஆம்பல் ஒன்றுதான், அதனோடு அவளுக்குள்ள உறவு மாறிவிட்டது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு இன்னும் கடுமையாகப் பேசுகிறாள் (புறநானூறு 246). கைம்மை நோன்பின் துன்பங்களை எடுத்துரைத்து, கணவனை இழந்த தனக்குத் தாமரைப் பொய்கையும் ஈமத்தீயும் ஒன்றே என்கிறாள். பூ நிறைந்த பொய்கை தீக்கு நிகராகும் அளவிற்குச் சமூகம் அவளிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதே இங்கு நாம் கேட்க வேண்டிய வினா.

சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையும் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. பிரிந்து சென்ற கோவலனுக்கு மாதவி தாழை மடலில் பிச்சியரும்பை எழுத்தாணியாகக் கொண்டு மடல் எழுதி, மாலையாக அமைத்து வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் அதனை ஏற்க மறுக்கிறான். பூவை மறுத்தலே அன்பை மறுத்தலாயிற்று. பூ மகிழ்ச்சி தர வேண்டுமாயின் கொடுப்பவர், பெறுபவர் என்னும் இருவர் மனமும் இசைய வேண்டும்.

இறைவனுக்குரிய பூ

பக்தி இயக்கக் காலத்தில் பூவின் முதன்மை உரிமை இறைவனுக்குச் சென்றது. சோழர்காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறம் என்னும் நிலக்கொடைகளைக் காண்கிறோம். நந்தவனத்தைப் பேணுவோர்க்கும், திருப்பள்ளித்தாமம் தொடுப்போர்க்கும் வாழ்வூதியம் வகுக்கப்பட்டது. திருப்புகலூரில் பூத்தொடுத்துப் பணிசெய்த முருக நாயனாரும், வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்த பெரியாழ்வாரும் இம்மரபின் முன்னோடிகள். பூப்பறித்தலும் தொடுத்தலும் உழைப்பு என்ற நிலையைக் கடந்து தொண்டு என்னும் மதிப்பைப் பெற்றன.

இம்மதிப்பின் மறுபக்கம் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் பதிவாகியுள்ளது. கழற்சிங்க நாயனாரின் பட்டத்தரசி திருவாரூர்க் கோயில் மண்டபத்தருகே விழுந்துகிடந்த பூ ஒன்றை எடுத்து மோந்தாள். இறைவனுக்குரிய பூவை அவள் நுகர்ந்ததாகக் கருதிச் செருத்துணை நாயனார் அவள் மூக்கை அரிந்தார். செய்தி அறிந்த அரசர், பூவை எடுத்த கையன்றோ முதற்குற்றவாளி எனக் கூறி அக்கையைத் துணித்தார். அடியாரின் பற்றுறுதியை விளக்கவே இவ்வரலாறு சொல்லப்படுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தரையில் கிடந்த ஒரு பூவின் மணத்தால் கவரப்பட்ட பெண்ணின் கணநேர மகிழ்ச்சியும் இக்கதைக்குள் இருக்கிறது. அம்மகிழ்ச்சிக்கு அவள் கொடுத்த விலையையும் காப்பியமே நமக்குத் தெரிவிக்கிறது.

இதற்கு விடைபோல் அமைவது ஆண்டாள் வரலாறு. இறைவனுக்கெனத் தொடுத்த மாலையைத் தான் முதலில் சூடிப் பார்த்த மகளைப் பெரியாழ்வார் கண்டித்து, வேறு மாலையைக் கொண்டு சென்றார். அவள் சூடிய மாலையே தனக்கு உவப்பு என இறைவன் உணர்த்தியதாக மரபு கூறுகிறது. சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்னும் பெயர் அவளுக்கு நிலைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிப் பிரம்மோற்சவத்திற்கு இன்றும் அனுப்பப்படுகிறது. ஒரு மரபில் குற்றமாகக் கருதப்பட்ட மனித நுகர்ச்சி, மற்றொரு மரபில் இறைவன் விரும்பும் சிறப்பாயிற்று. தமிழ்ப் பக்தி மரபு ஒரே குரலில் பேசவில்லை என்பதை இவ்விரு வரலாறுகளும் உணர்த்துகின்றன.

பூவும் பொட்டும்

பிற்காலத்தில் 'பூவும் பொட்டும்' என்னும் இணைமொழி மணவாழ்வைக் குறிக்கும் அடையாளமாயிற்று. 'பூவோடும் பொட்டோடும் வாழ்க' என்னும் வாழ்த்து, கணவன் உயிரோடிருக்கும் காலம்வரை மட்டுமே பூவுக்கு உரிமை உண்டு என்னும் விதியைத் தன்னுள் கொண்டுள்ளது. தமிழகத்தின் வடமாவட்டங்களில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்னும் பெயரில் குடும்பத்தார் வழிபடுகின்றனர். பூவோடு இறந்தவள் வீட்டுத் தெய்வமானாள். பூவின்றி வாழ்ந்தவள் அதே வீட்டின் மங்கல நிகழ்வுகளில் ஒதுங்கி நின்றாள். சங்ககாலத்தில் ஆடவரும் மகளிரும் சூடிய பூ, இக்கட்டத்தில் மகளிரின் மணநிலையை ஊரார்க்கு அறிவிக்கும் குறியாகக் குறுகிவிட்டதைக் காண்கிறோம்.

சீர்திருத்தமும் மாலையும்

1856ஆம் ஆண்டின் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் மறுமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. வழக்கம் அவ்வளவு எளிதில் மாறவில்லை. இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1912ஆம் ஆண்டில் சென்னையில் இளங்கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கிக் கல்விவழி அவர்களுக்கு வாழ்வளித்தார். 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களின் சொத்துரிமை, மணவிலக்கு, கைம்பெண் மறுமணம் ஆகியவற்றை ஆதரித்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவிற்கும் அதனைத் தொடர்ந்து சிங்கப்பூருக்கும் வந்து உரையாற்றியதால், இக்கருத்துகள் இங்குள்ள தமிழரிடையேயும் பரவலாயின.

சுயமரியாதைத் திருமணம் புரோகிதர், மந்திரம் ஆகியவற்றை நீக்கியது; மாலை மாற்றுதலை நீக்கவில்லை. அண்ணா ஆட்சிக்காலத்தில் நிறைவேறி 1968ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், மணமக்கள் ஒருவருக்கொருவர் மாலை அணிவித்தல், விரலில் மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றே திருமணம் செல்லுபடியாகப் போதுமானது என வகுத்தது. இதன் உட்பொருளை ஊன்றி நோக்க வேண்டும். தாலி, ஒருவர் மற்றவர்க்குக் கட்டுவது. மாலை, இருவரும் மாற்றிக்கொள்வது. மணநிலைக்குப் பெண்ணை மட்டும் அடையாளப்படுத்திய பூ, இங்கு இருவரின் சமவுரிமைக்கு அடையாளமாயிற்று. சங்ககாலத்தின் பின் ஆடவன் கழுத்திலும் பெண் கழுத்திலும் பூவுக்கு ஒரே பொருள் கிடைத்த இடம் இதுவெனக் கருதலாம்.

மலேசிய, சிங்கப்பூர்ச் சூழல்

இந்நாடுகளின் திருமணச் சட்டம் பதிவை அடிப்படையாகக் கொண்டது. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டமும் சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனமும் அதற்கு வழிவகுத்தன. ஆதலின் இங்கு மாலைக்குச் சட்டப்பொருள் இல்லை. பண்பாட்டுப் பொருளே உண்டு. அப்பொருள் வலிமை குன்றவில்லை என்பதற்குப் பிரிக்பீல்ட்ஸிலும், பினாங்கு லெபோ பாசாரிலும், சிராங்கூன் சாலையிலும் உள்ள பூக்கடைகளே சான்று. தமிழகத்து மல்லிகையும் இம்மண்ணின் ஆர்க்கிட்டும் அங்கு ஒரே மாலையில் இணைகின்றன. மலேசியா 1960ஆம் ஆண்டில் செம்பருத்தியையும், சிங்கப்பூர் 1981ஆம் ஆண்டில் வண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் ஆர்க்கிட்டையும் தேசிய மலராக ஏற்றன. மலாய்மொழியில் வழங்கும் செம்பாகா என்னும் பூப்பெயர், நம் செண்பகத்தோடு ஒரே வடமொழி வேரினது.

நம் மாலைகளின் கூறுகளும் மாறாதவை அல்ல. துலுக்கச் சாமந்தி என்றும் செண்டுமல்லி என்றும் வழங்கும் பூவும், நிலச்சம்பங்கியும் மெக்சிகோ நிலப்பகுதிக்கு உரியவை. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த பின்னரே அவை இந்தியாவிற்கு வந்தன. கபிலரும் இராசராசனும் அவற்றைக் கண்டிருக்க இயலாது. இன்று அவையின்றிக் கோயில் விழாவோ திருமணமோ நிறைவுறுவதில்லை. மெக்சிகோ மக்கள் அதே செண்டுமல்லியை இறந்தோர் நினைவுநாளில் கல்லறைகளில் பரப்புகின்றனர். நம்மிடையே மணப்பந்தலை அலங்கரிக்கும் பூ, அங்கு மறைந்தோரை வரவேற்கிறது. பூவுக்குப் பொருள் தருவது சமூகமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நெடுங்கால மரபு என நாம் எண்ணுவனவற்றுள்ளும் வந்து சேர்ந்தவை உண்டு என்பதும் இதனால் புலனாகிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கின், பூவின் நிறமும் மணமும் மனத்தைத் தொடும் இயற்கைத் தன்மை உடையனவேனும், அத்தன்மை வெளிப்படும் வாயிலைச் சமூகமே திறக்கவும் அடைக்கவும் செய்தது என்பது தெளிவாகிறது. வீரனுக்கு ஊக்கமாகவும், துயருற்ற தலைவிக்கு ஆறுதலாகவும், அடியார்க்குத் தொண்டாகவும், மணமக்களுக்கு உறுதிமொழியாகவும் பூ விளங்கியது. கைம்பெண்ணுக்கு மட்டும் அது எட்டாத பொருளாயிற்று.

முதியோரின் மனநிலையையும் நினைவாற்றலையும் பூ மேம்படுத்துகிறது என்னும் 2005ஆம் ஆண்டு ஆய்வுமுடிவை இவ்விடத்தில் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் குடும்பங்களில் முதிய பெண்டிருள் கணவனை இழந்தோர் பலர். பூவால் மிகுந்த நன்மை பெறக்கூடியவர் எவரோ, அவரிடமிருந்தே நம் வழக்கம் பூவை விலக்கி வைத்துள்ளது. திருமண மண்டப வாயிலில் சந்தனமும் குங்குமமும் பூவும் வைத்த தட்டை நீட்டும்போது, சில மூதாட்டியர் ஒதுங்கி நடப்பதை இந்நாடுகளில் இன்றும் காணலாம். அவர்களை யாரும் தடுப்பதில்லை. நெடுங்காலப் பழக்கம் அவர்கள் கையைத் தானே தடுத்துவிடுகிறது.

ஐந்திணைப் பூக்களைப் பட்டியலாக மனனம் செய்விக்கும் ஆசிரியர்கள், புறநானூற்றின் முல்லையையும் ஆம்பலையும் மாணவர்க்கு உடன் கற்பித்தல் நன்று. இப்பூக்களை நேரில் கண்டிராத மாணவர்க்கும், பாட்டி ஏன் பூச்சூடுவதில்லை என்னும் வினா நன்கு விளங்கும். அவ்வினாவை வகுப்பில் எழுப்ப இலக்கியம் நமக்கு இடமளிக்கிறது. அதற்கு விடையளிக்க வேண்டிய இடம் நம் இல்லமும் மண்டப வாயிலும் ஆகும். தட்டு ஏந்தி நிற்பவர், ஒதுங்கும் மூதாட்டியை அழைத்து ஒரு முழம் மல்லிகையை அவர் கையில் வைப்பாரானால், எந்த மரபும் குலைந்துவிடாது. சங்கச் சான்றோர் கண்டு வருந்திய ஒரு குறை சிறிதேனும் தீரும்.